அறுபது மீட்டருக்கான காற்று

எங்கள் நிலையத்தில் தொட்டிக்குள் ஆள் இறங்குவதற்கு முன்னால் அனுமதிச் சீட்டில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஆம்பூரைச் சுற்றியுள்ள தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் குழாய் வழியாக வந்து சேரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அது. கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு அங்கே சேர்ந்து பதினாறு வருடமாகிறது. தொட்டியில் சேறு படிந்து கிடக்கும் இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்கிற வாயு உண்டாகும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமாகிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று இறங்குகிறவர்கள்தான் செத்துப்போவார்கள். மூக்கை நம்பாதீர்கள், கேஸ் மீட்டரை நம்புங்கள் என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வது என் வேலை.

சில சமயம் நானே இறங்க வேண்டியிருக்கும். முதுகில் காற்று சிலிண்டர், முகத்தை முழுக்க மூடும் முகமூடி, இடுப்பில் கயிறு. அரை மணி நேரத்துக்கான காற்று. முதல் தடவை பயந்துகொண்டுதான் இறங்கினேன். உள்ளே போனதும் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மேலே நாலு பேர் பேசுவது, பம்ப் ஓடுவது எதுவும் காதில் விழவில்லை. வெளியே வந்தபோது இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அந்த இடத்தின் நாற்றம் தெரிந்தவர்களுக்கு இது புரியாது என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணமாகி ஐந்தாம் வருடம் கணவரோடு புதுச்சேரிக்குப் போனபோது ஒரு டைவிங் பள்ளியின் பலகையைப் பார்த்து இரண்டு பேரும் சேர்ந்து கடலுக்குள் போனோம். அவர் பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு ஷூ தொழிற்சாலையில் கட்டிங் பிரிவுக்குப் பொறுப்பாளர். மூன்று மீட்டரிலேயே அவருக்குக் காது வலித்து மேலே போய்விட்டார். அதோடு சரி. நான் விடவில்லை. மாதம் ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டே இருந்தேன்.

ஆழத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் ஒரு அவமானத்தில் ஆரம்பித்தது. ஒரு நாள் முப்பத்தெட்டு மீட்டரில் இருந்தோம். என் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பயிற்சியாளர் கையால் கேட்டார். கேஜைப் பார்த்தேன். முள் ஒரு எண்ணில் நின்றது. அந்த எண் நன்றாகத் தெரிந்தது. ஆனால் அது எதைச் சொல்கிறது என்று விளங்கவில்லை. மூன்று தடவை பார்த்தேன். பிறகு சிரித்தேன். காற்றை இழுக்கும் ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததால் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போனது. அதுவும் வேடிக்கையாக இருந்தது. அவர் என் கையைப் பிடித்துப் பத்து மீட்டர் மேலே கூட்டிவந்தார். அங்கே வந்ததும் விளக்குப் போட்ட மாதிரி எல்லாம் விளங்கியது.

அழுத்தம் அதிகமானால் சாதாரணக் காற்றில் இருக்கும் நைட்ரஜனே போதை ஏற்றும். எல்லோருக்கும் நடப்பதுதான். படகில் மற்றவர்கள் அதை ஒரு தமாஷாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. தன் புத்தி வேலை செய்யவில்லை என்பது தனக்கே தெரியாமல் போவதைப் பற்றி வருடக்கணக்கில் வகுப்பு எடுத்தவள் நான்.

"தெளிவா இருந்துக்கிட்டே இன்னும் கீழ போக வழி இருக்கா?" என்று பயிற்சியாளரிடம் கேட்டேன்.

அவர் கடலூர்ப் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் கப்பல்களில் சில வருடம் டைவராக இருந்துவிட்டு வந்திருந்தார். அதிகம் பேசமாட்டார்.

"இருக்கு. நைட்ரஜனக் கொறச்சிட்டு ஹீலியம் கலக்கணும்" என்றார். "ஆனா மேடம், அது வேற படிப்பு. சாமானும் வேற. செலவும் வேற."

சாமான் முதலில் வந்தது. வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சென்னைக்காரர் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். பன்னிரண்டு லிட்டர் இரும்பு சிலிண்டர்கள் இரண்டு, நடுவில் வால்வு வைத்த குழாயால் இணைத்தது. அதை முதுகில் மாட்டிக்கொள்ள ஒரு ஸ்டீல் தகடு, மிதப்பதற்கு ஒரு காற்றுப்பை, இரண்டு ரெகுலேட்டர்கள், அதில் ஒன்றுக்கு, கூட வருபவருக்கும் காற்று கொடுக்க, என் உயரத்தைவிட நீளமான ஹோஸ். மேலே வரும்போது பயன்படுத்த இரண்டு அலுமினிய சிலிண்டர்கள் தனியாக. எல்லாமே இரண்டிரண்டு. ஆழத்தில் இருபது நிமிடம் இருந்துவிட்டால் நேராக மேலே வர முடியாது. உடம்பில் கரைந்த வாயு, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுரைத்துவிடும். வழியில் நின்று நின்றுதான் வர வேண்டும். அந்த நேரத்தில் ஒன்று பழுதானால் இன்னொன்று இருந்தாக வேண்டும்.

"ஒரு ஸ்கூட்டர் வெல இருக்கும்" என்றேன் கணவரிடம்.

அவர் பில்லை வாங்கிப் பார்த்தார். "ரெண்டு ஸ்கூட்டர்" என்று திருத்தினார். 

ஆக்சிஜன் நிரப்பும் சிலிண்டரின் வால்வில் ஒரு துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் தீப்பிடிக்கும். அதனால் வால்வுகளைப் பிரித்து, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவினேன். மேசையில் இனி சாப்பிட முடியாது என்று சொல்லி அந்த வாரம் முழுக்கத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சிலிண்டர்களைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் கேஸ் ஏஜென்சி எடுத்திருக்கிறோமா என்று விசாரித்தார். இல்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஹீலியத்துக்கு வாலாஜாபேட்டைக்குப் போனேன். ராணிப்பேட்டை வெல்டிங் பட்டறைகளுக்கும் சில சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் சிலிண்டர் போடுகிற ஒருவரின் கிடங்கு அங்கே இருந்தது. எங்கள் நிலையத்துக்கும் அவரிடமிருந்துதான் ஆக்சிஜன் வரும். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைத் தாடியை ஒட்ட வெட்டியிருப்பார்.

"ஹீலியமா? பலூனுக்கா மேடம், பர்த்டேயா?"

"இல்லங்க. மூச்சு விடறதுக்கு."

"ஆஸ்பத்திரிக்கா?"

"கடலுக்கு அடியில."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. மொதல்லேர்ந்து சொல்லுங்க."

சொன்னேன். அறுபது மீட்டருக்கு நூற்றில் பதினெட்டு பங்கு ஆக்சிஜன், நாற்பத்தைந்து பங்கு ஹீலியம், மீதி நைட்ரஜன். அந்த ஆழத்தில் ஆக்சிஜன்கூட அதிகமானால் விஷம், அதனால் அதையும் குறைக்க வேண்டும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஆக்சிஜன் விஷம்னு இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றார் கடைசியில். "முப்பது வருஷமா வித்துக்கினு இருக்கேன்."

பலூன்காரர்களுக்குப் போகிற ஹீலியத்தை எனக்குத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "அதுல இன்னா கலந்திருக்கான்னு எனக்கே தெரியாது. சுத்தமானது பெங்களூர்லேர்ந்து வரணும். ரேட் ஜாஸ்தி."

ஒரு பழைய பில்லின் பின்பக்கம் விலையை எழுதிக் காட்டினார். ஆக்சிஜன் சிலிண்டரைப் போல ஐம்பது மடங்கு இருக்கும். அதோடு, வாயு அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் போகும். பெரிய சிலிண்டரிலிருந்து என் சிலிண்டருக்கு ஏற்ற ஏற்றப் பெரியதில் அழுத்தம் இறங்கிவிடும். கணக்குப்படி மூன்று டைவுக்குக் காணும் ஹீலியத்தில் ஒன்றரை டைவுக்குத்தான் என் பக்கம் வரும். மீதியைத் தள்ளி ஏற்ற ஒரு தனி பம்ப் வேண்டும். அதன் விலையைக் கேட்டுவிட்டு அந்தப் பேச்சை விட்டேன்.

"மீதியோட திருப்பிக் குடுத்தா கழிச்சிக்குவீங்களா?"

"மீதி இருந்தாலும் காலின்னுதான் மேடம் எழுதுவேன். கம்பெனி ரூல்." பிறகு அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "வாரம் ஒருக்கா திண்டிவனத்துக்கு லோடு போவுது. அதுல ஏத்தி அனுப்பறேன். வண்டி வாடக வேணாம்."

அப்படி மீதியோடு திரும்பிப் போன ஹீலியம் எந்தக் கல்யாண மண்டபத்தில் பலூனாக நின்றதோ தெரியாது.

முதல் பயிற்சி ஆறு நாள். லீவு போட்டுவிட்டுப் போனேன். நாற்பது கிலோவுக்கு மேல் முதுகில் சுமந்து நீச்சல் குளத்தின் படியில் இறங்குவதற்குள் முழங்கால் நடுங்கும். தண்ணீருக்குள் போய்விட்டால் எடை தெரியாது. அங்கே வேறு கஷ்டம். பயிற்சியாளர் என் தலைக்குப் பின்னால் காற்றுக் குமிழ் விடுவார். வலது பக்க ரெகுலேட்டர் கசிகிறது என்று அர்த்தம். நான் கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வலது வால்வைத் தேடிப் பிடித்து மூட வேண்டும். வாயில் இருப்பதைக் கழற்றி இன்னொன்றை வைக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள், மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல், அந்தரத்தில் நின்றுகொண்டே.

என் கை வால்வுக்கு எட்டவில்லை. விரல் நுனி வால்வின் பிடியைத் தொடும், திருக வராது. முதல் நாள் எட்டவில்லை. நாலாவது நாளும் எட்டவில்லை. எட்டின ஒன்றிரண்டு தடவையும் அந்த முயற்சியில் இரண்டு மீட்டர் மேலே போய்விட்டேன். நிஜத்தில் அது உடம்பில் நுரை கட்டுகிற இரண்டு மீட்டர்.

ஆறாவது நாள் மதியம் பயிற்சியாளர் என்னை டீக்கடைக்குக் கூப்பிட்டுப் போனார்.

"இன்னும் வரல மேடம்."

"எது?"

"கணக்கெல்லாம் என்னவிட நல்லாப் போடறீங்க. கை வரல. மூணு மாசம் கழிச்சி வாங்க. ஃபீஸ் மறுபடி வேணாம், கேஸுக்கு மட்டும் குடுங்க."

சரி என்றேன். கோபம் செஞ்சி தாண்டும்போதுதான் வந்தது. காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் நிலையத்தில் எத்தனையோ பேருக்கு நான் சீட்டு மறுத்திருக்கிறேன். இரத்த அழுத்தம் அதிகம், முகமூடி முகத்தில் சரியாக உட்காரவில்லை, நேற்றுக் குடித்த வாடை வருகிறது. மறுக்கப்பட்டவர் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவார் என்று அதுவரை யோசித்ததில்லை.

வீட்டில் கணவர் கேட்டார். "இன்னா ஆச்சு?"

"ஃபெயில்."

"எதுல?"

வால்வு விஷயத்தைச் சொன்னேன். எழுந்து நின்று கையைப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தோலில் டை என்கிற வெட்டு அச்சை வைத்து வெட்டுகிற ஆளின் கை எங்கிருந்து எங்கே போகிறது, எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பதுதான் அவருடைய தினசரி வேலை.

"முழுசா மாட்டிக்கினு காட்டு" என்றார்.

ஹாலில் நடுவாக நின்று சிலிண்டர்களை மாட்டிக்கொண்டேன். அவர் என்னைச் சுற்றி வந்தார். "நீ கையத் தூக்கற. கை போற வழியில தோள்பட்ட வார் இடிக்குது. மொதல்ல மொழங்கைய முன்னால கொண்டா. காதுகிட்ட. அப்புறம் கையப் பின்னால மடி. எங்க டேபிள்ல உன்ன மாதிரி எடுத்தா ஒரு நாளைக்கு நூறு ஜோடி கொறஞ்சிடும்."

வாரைத் தளர்த்தி, சிலிண்டர்களை இரண்டு அங்குலம் மேலே ஏற்றிக் கட்டச் சொன்னதும் அவர்தான். தினமும் காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் பத்து தடவை. அவர் ஒரு காகிதத்தில் விநாடிகளை எழுதிவைத்தார். இரண்டாம் மாத முடிவில் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது விநாடியில் செய்தேன். மூன்றாம் மாதம் புதுச்சேரிக்குப் போனபோது பயிற்சியாளர் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி செய்யச் சொல்லாமல் அடுத்ததற்குப் போனார். அந்தத் தடவை நாற்பத்தைந்து மீட்டர் வரை கூட்டிப்போனார். அறுபது அடுத்த மாதம் என்று முடிவாயிற்று.

அந்த இடைவெளியில்தான் கிணற்று விஷயம் நடந்தது.

எங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசருக்குப் பேரணாம்பட்டுக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டி ஒரு கிராமம். ஒரு திங்கட்கிழமை காலை அவர் போன் செய்தார். அவருடைய ஊரில் மோட்டார் ரிப்பேர் பார்க்க விவசாயக் கிணற்றில் இறங்கிய ஒருவர் முந்தின நாள் வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டார். நல்ல மழை பெய்திருந்ததால் அறுபது அடிக்கு மேல் தண்ணீர். தீயணைப்பு வீரர்கள் வந்து சாயங்காலம் வரை பாதாளக் கரண்டி போட்டுத் தேடியும் உடல் கிடைக்கவில்லை. காலையில் வேறு ஒரு தீ விபத்துக்குப் போயிருக்கிறார்கள், மதியம் திரும்பி வருவார்கள்.

"மேடம், நீங்க ஆழமா போறவங்கன்னு நான்தான் சொல்லிட்டேன். தப்பா நெனைக்காதீங்க. ஒரு தடவ வந்து பாருங்க."

போனேன். சாமானையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். இறங்குவதாக முடிவெடுக்கவில்லை. இறங்கமாட்டேன் என்றும் முடிவெடுக்கவில்லை.

கருங்கல் பாறையை வெட்டிய பெரிய சதுரக் கிணறு. ஒரு பக்கம் படிகள். தண்ணீர் காவி நிறத்தில் கலங்கிக் கிடந்தது. மோட்டாரின் இரும்புக் குழாய், கேபிள், பழைய கயிறுகள், முந்தின நாள் தேடியபோது அறுந்த ஒரு வலை எல்லாம் அதற்குள் இறங்கின. தண்ணீருக்குக் கீழே ஒரு பக்கம் பாறை உள்வாங்கிக் குடைந்திருக்கிறது என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். ஒரு வெள்ளைத் துணியைக் கல்லில் கட்டி இறக்கிப் பார்த்தேன். இரண்டு சாண் போனதும் காணவில்லை.

இறந்தவரின் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பீடி மண்டியில் வேலை என்று பிறகு தெரிந்தது.

"எறங்குவீங்களா மேடம்?"

"இல்லங்க."

"அறுவது மீட்டர் போவீங்கன்னு சொன்னாங்களே. இது அறுவது அடிதானே."

அறுபது மீட்டர் நான் அதுவரை போகவே இல்லை. அதைச் சொல்லவில்லை. "கடல்ல கண்ணு தெரியும். கூட ஒருத்தர் இருப்பாரு. இங்க நான் ஒரு ஆளு. கயித்துல மாட்டிக்கினா என்ன எடுக்க இன்னொருத்தர் எறங்கணும். அவரும் மாட்டிக்குவாரு. உங்க தம்பி உயிரோட இருக்காருன்னா வேற பேச்சு."

பின்னால் யாரோ, "அதுக்கு எதுக்கு வந்தாங்களாம்" என்றார். நியாயமான கேள்விதான்.

கிணற்றைக் காலி செய்துவிடலாம் என்று காலையிலேயே முடிவு செய்து, இரண்டு டீசல் இன்ஜின்களைக் கொண்டுவந்திருந்தார்கள். மேலேயிருந்து அவ்வளவு ஆழத்துத் தண்ணீரை இழுக்க முடியாது என்பதால் இன்ஜின்களைக் கயிறு கட்டிக் கீழே இறக்கி, தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பாறை மேடையில் வைத்து ஓட்டினார்கள். நான் போவதற்கு முன்பே மூன்று மணி நேரம் ஓடியிருந்தது. தண்ணீர் ஏழெட்டு அடி இறங்கியிருந்தது. நான் காருக்குத் திரும்பும்போது ஒரு இன்ஜின் நின்றுவிட்டது. அதைப் பார்க்க அந்த அண்ணன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு படியில் கால் வைத்தார்.

"அண்ணே, சாப்ட்டுட்டு எறங்கு. காலைலேர்ந்து தல வலிக்குதுன்ன, வாந்தி எடுத்த" என்று ஒரு பெண் சொன்னார்.

அந்த வார்த்தைகளை நான் எங்கே கேட்டாலும் நின்றுவிடுவேன். பட்டினியால் வருகிற தலைவலி என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அவர் காலையில் இரண்டு தடவை கீழே போய் வந்திருந்தார். இன்ஜின் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு முதலில் தலைவலியும் வாந்தியுமாகத்தான் காட்டும்; அதற்கு நாற்றம் கிடையாது. கிணற்றுக்குள் அது எங்கும் போகாது.

"ஏறுங்க. எறங்காதீங்க" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"எறங்க மாட்டேன்னு நீங்கதான சொன்னீங்க. நான் எறங்கறேன்."

"ஒரு நிமிஷம் குடுங்க. ஒரே நிமிஷம்."

காரில் நிலையத்தின் கேஸ் மீட்டர் இருந்தது. அதைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். மேடைக்குப் பத்து அடி மேலேயே கத்த ஆரம்பித்தது. கிணற்றுச் சுவர்களில் பட்டு அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. மேலே இழுத்து, அதிகபட்சமாக எவ்வளவு காட்டியது என்று அவரிடம் நீட்டினேன். எண்ணைப் பார்த்து அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. சத்தம்தான் அவரை நிறுத்தியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அப்போதுதான் அழுதார்.

ஓடிக்கொண்டிருந்த இன்ஜினையும் டீசல் குழாயை மேலிருந்து இழுத்துப் பிடுங்கி நிறுத்தினோம். மதியம் தீயணைப்பு வண்டி வந்தது. நிலைய அலுவலரிடம் மீட்டரைக் காட்டினேன். அவர் உடனே புரிந்துகொண்டார். எல்லோரையும் கரையிலிருந்து விலக்கிவிட்டு, ஹோஸால் தண்ணீரைச் சிதறடித்துக் கிணற்றுக் காற்றைக் கலைத்தார்கள். கரையில் ஒரு ஜெனரேட்டரை வைத்து, மின்சார மோட்டார்களைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். நான் மணிக்கு ஒரு தடவை மீட்டரை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மதியம் உடல் கிடைத்தது. உள்வாங்கிய பாறைக்குக் கீழே, கேபிளில் கால் சுற்றி இருந்ததாகச் சூப்பர்வைசர் சொன்னார். நான் போய்த் தேடியிருந்தால் அதே கேபிளைத்தான் கையால் தடவியிருப்பேன்.

அடுத்த மாதம் புதுச்சேரியில் பயிற்சியாளரிடம் இதைச் சொன்னேன். அவர் சிலிண்டரில் வாயு கலந்துகொண்டிருந்தார். முதலில் ஹீலியம், பிறகு ஆக்சிஜன், கடைசியில் சாதாரணக் காற்று. முள்ளைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க இருந்தா எறங்கியிருப்பீங்களா?" என்றேன்.

"மாட்டேன்." வால்வை மூடிவிட்டு, "எங்க அண்ணனா இருந்தா எறங்கியிருப்பேன். எறங்கினா அது தப்புதான்" என்றார்.

கலந்து முடித்ததை அளந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் டேப் ஒட்டி, எந்த ஆழம் வரை சுவாசிக்கலாம் என்று பெரிய எழுத்தில் எழுதினோம். அலுமினிய சிலிண்டர்களில் ஒன்று இருபத்தொரு மீட்டருக்கு மேலே, இன்னொன்று ஆறு மீட்டருக்கு மேலே மட்டும். இரண்டிலும் ஆக்சிஜன் அதிகம்; ஆழத்தில் மாற்றி வாயில் வைத்தால் வலிப்பு வந்து ரெகுலேட்டர் நழுவிவிடும். அதனால் மாற்றும்போது ஒருவர் எழுத்தை இன்னொருவர் படித்துத் தலையசைத்த பிறகுதான் வாயில் வைக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம் படகில் போனோம். அறுபது மீட்டரில் நான் எதிர்பார்த்த அளவுக்கு எதுவும் இல்லை. சாம்பல் நிற மணல், அறுந்த வலை ஒன்று, அதன்மேல் வளர்ந்த சாட்டை மாதிரியான பவளங்கள். வெளிச்சம் மாலை ஆறு மணி போல இருந்தது. பயிற்சியாளர் பலகையில் ஒரு பெருக்கல் கணக்கை எழுதிக் காட்டினார். விடையை எழுதினேன். கேஜைப் பார்த்தேன். எண் தெரிந்தது, அது எத்தனை நிமிடம் என்பதும் தெரிந்தது. அதற்காகத்தான் இவ்வளவும். பதினெட்டு நிமிடம் இருந்தோம். ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு மூன்று தோசையின் விலை என்று கணவர் ஒரு தடவை கணக்குப் போட்டிருந்தார். அது நினைவுக்கு வந்தபோது மூச்சை அடக்கக் கூடாது என்பதும் நினைவுக்கு வந்தது.

மேலே வர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எதுவும் தவறவில்லை. கடைசியில் ஆறு மீட்டரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கியபோது குளிரில் தாடை நடுங்கியது. படகில் ஏறியதும் பயிற்சியாளர் கைகுலுக்கினார். பாஸ் என்று சொல்லவில்லை. அவர் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் தெரிந்தது.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் மலை ஏறாதீங்க. காத்தழுத்தம் கொறையும்" என்றார்.

அதில்தான் சிக்கல். மறுநாள் காலை ஏலகிரியில் என் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். கணவரும் மாமியாரும் முந்தின நாளே மலைக்குப் போயிருந்தார்கள். மாமியாருக்குப் போன் செய்தேன்.

"அத்த, நான் வர மத்தியானம் ஆயிடும். மலை ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"இன்னாம்மா, விசேஷமா?" என்றார் மெல்ல.

எனக்கு முப்பத்தொன்பது வயது. அவர் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. "அதெல்லாம் இல்ல அத்த. ஒடம்புல கேஸ் இருக்கு. கொறையணும்."

"கேஸா? மோர்ல பெருங்காயம் போட்டுக் குடி, சரியாப் போய்டும்."

சரி என்றேன்.

ஞாயிறு காலை திருவண்ணாமலை, செங்கம், திருப்பத்தூர் வழியாக வந்து, பத்தரை மணிக்கு ஏலகிரி அடிவாரத்தில் பொன்னேரியில் வண்டியை நிறுத்தினேன். பட்டுப்புடவையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர்களின் கார்கள் ஒவ்வொன்றாக மலை ஏறின. இரண்டு கார்கள் நின்று, வண்டி பழுதா என்று விசாரித்தன. இல்லை, நீங்கள் போங்கள் என்றேன். மூன்றாவது கார் நிற்பதற்குள் கடைக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். கணவர் மேலேயிருந்து போட்டோக்களை அனுப்பினார்: தட்டு மாற்றுவது, மோதிரம் போடுவது, யாரோ ஒரு குழந்தை அழுவது.

ஒரு மணிக்குக் கிளம்பிப் பதினான்கு வளைவுகளையும் மெதுவாக ஏறினேன். மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாமியார் எனக்காக ஒரு இலையை எடுத்து வைத்திருந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டார் யார் யார் வந்தார்கள், யார் என்ன புடவை கட்டியிருந்தார்கள் என்று விவரமாகச் சொன்னார்.